கழிதலும் கழித்தலும்

நிரல்மொழிகளை உருவாக்குகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மொழியில் இருக்கும் ஒரு வசதியை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தால் உடனே எடுத்துவிட மாட்டார்கள். முதலில் அதன் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் இதை நம்பிப் புதிதாக எதையும் எழுதாதீர்கள், அடுத்தடுத்த பதிப்பில் இது இருக்காது என்று அந்தச் சீட்டு சொல்லும். இதற்கு டெப்ரிகேஷன் என்று பெயர். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு, வரப்போகும் தீங்கை வேண்டுதலால் விலக்குவது என்று பொருள். அலுவலகத்தில் அதற்கு வேண்டுதலுக்குரிய மரியாதை கிடைப்பதில்லை. திரையில் மஞ்சள் எழுத்தில் நாற்பது வரி எச்சரிக்கை ஓடும். அதற்குப் பிறகும் நிரல் வேலை செய்யும். வேலைதான் செய்யுதே என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதில் முழுசாக இரண்டு வருடம், பைத்தான் 2இல் எழுதப்பட்ட ஒரு பெரிய கணக்கு மென்பொருளை பைத்தான் 3க்கு மாற்றுவதிலேயே போனது. என் ஊர் செஞ்சி. அப்பா அங்கே பத்திரம் எழுதுகிறவர். இந்த இரண்டு தொழிலும் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்ளும் என்று வெகுநாள் எனக்குத் தோன்றியதில்லை. பலரும் நம்பிப் புழங்கும் ஒன்றை மாற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது? மாற்றுகிறவர், பழையதை நம்பி இருந்தவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

முதலில் பைத்தான் கதையைச் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதாதவர்களுக்கும் இது புரியும், ஏனென்றால் அதன் நடுவில் இருப்பது எழுத்து என்றால் என்ன என்கிற கேள்விதான். பைத்தான் 2இடம் ‘தமிழ்’ என்ற சொல்லைச் சாதாரணமாகக் கொடுத்து, இதன் நீளம் என்ன என்று கேட்டால், யூடிஎஃப்-8 குறிமுறையில் 15 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணுவதில்லை, நினைவகத்தில் அந்தச் சொல் பிடிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 அதே கேள்விக்கு 5 என்று சொல்லும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வதுதான் சரி. ஆனாலும் 15க்கு 5 எவ்வளவோ மேல். ஆங்கிலம் மட்டுமே எழுதுகிறவருக்கு இந்த மாற்றத்தால் பெரிய லாபம் கிடையாது. அவருடைய ஐந்தெழுத்துச் சொல் முன்பும் 5, இப்போதும் 5. ஆக, அமெரிக்காவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கணக்கு எழுதும் ஒருவர் தன் பழைய நிரலையெல்லாம் திருத்தும் செலவை ஏற்றார், அதில் பெரிய பயன் தமிழும் அரபியும் சீனமும் எழுதுகிறவர்களுக்குக் கிடைத்தது. யாருடைய செலவில் யாருக்கு லாபம் என்ற கணக்கு எந்த மாற்றத்திலும் இருக்கும். இந்த முறை நாம் லாபப் பக்கத்தில் இருந்தோம்.

பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பர் 3இல். பழைய 2.7க்கு 2015 வரை ஆதரவு என்று முதலில் சொன்னார்கள். பாதிப் பேர்கூட மாறவில்லையோ என்று கவலைப்படும் நிலையில், 2014இல் அதை 2020 வரை நீட்டினார்கள். 2020 ஜனவரி 1இல் கதவை மூடினார்கள். கடைசிப் பதிப்பு அதே ஏப்ரலில் வந்தது. நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்தது. யூனிகோடு எழுத்துத் தொடர் என்று காட்ட பைத்தான் 2இல் மேற்கோளுக்கு முன்னால் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தைப் போடுவோம். 3.0 அதைத் தேவையில்லை என்று தூக்கிவிட்டது. உண்மையிலேயே தேவையில்லைதான். ஆனால் இரண்டு பதிப்பிலும் ஓடும்படி நிரல் எழுத நினைத்தவர்கள் அந்த ஒற்றை எழுத்து இல்லாமல் திண்டாடினார்கள். 2012இல் 3.3 பதிப்பில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குப் புதிய மொழியில் ஒரு பயனும் இல்லை. மாறிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அந்த முடிவின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

எதிர்ப்பக்கத்தில் ஜாவாவைச் சொல்ல வேண்டும். அதில் 1997இல் இனி வேண்டாம் என்று சீட்டு ஒட்டப்பட்ட சில தேதி வசதிகள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. சீட்டு ஒட்டியவர்களே மறந்திருப்பார்கள். நிறைவேற்றாத எச்சரிக்கையைக் கொஞ்ச நாளில் யாரும் மதிப்பதில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா ‘இன்னொரு தபா பந்து உள்ளே வந்தா கிழிச்சுப்புடுவேன்’ என்பார். ஒருநாளும் கிழித்ததில்லை.

இனி தமிழுக்கு வருகிறேன். மொழி மாற்றத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே நம்மவர்கள் நன்னூலின் கடைசிச் சூத்திரத்தைத்தான் எடுப்பார்கள். 13ஆம் நூற்றாண்டுச் சமணரான பவணந்தி, பழையது போவதையும் புதியது வருவதையும் காலத்தின் போக்கு என்று ஏற்றுக்கொண்டு, அதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்கிறார். பட்டிமன்றத்திலிருந்து சட்டமன்றம் வரை இதை எல்லா மாற்றத்துக்கும் சான்றிதழாகக் காட்டுவார்கள். ஆனால் அவர் போட்டிருக்கும் சொல் ‘கழிதல்’. அது தன்வினை. இலை பழுத்தால் கழியும், ஆடி கழியும். ‘கழித்தல்’ என்றால் கழிக்கிற ஒருவர் வேண்டும். பவணந்தி மன்னித்தது முதலாவதை மட்டும்தான். ஆணை போட்டு, தேதி குறித்து, நாளை முதல் இது செல்லாது என்று சொல்கிறவருக்கு நன்னூலில் அடைக்கலம் இல்லை. அவர் தன் நியாயத்தைத் தானே சொல்ல வேண்டும்.

தமிழில் அப்படி ஆணை போட்டுக் கழித்த மிகத் தெளிவான நிகழ்வு 1978 அக்டோபரில் நடந்தது. பெரியார் நூற்றாண்டை ஒட்டி எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. மாறியவை 13 எழுத்துகள். ண, ற, ன மூன்றும் ஆகாரம் ஏறும்போது சாதாரணக் காலை ஏற்காமல் சுருண்டு வேறு வடிவம் எடுக்கும். அதே மூன்றின் ஒகர, ஓகார வரிசையும் அப்படித்தான். ண, ல, ள, ன நான்கும் ஐகாரம் ஏறும்போது தலைக்கு மேல் ஒரு தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்த விதிவிலக்குகளை எடுத்துவிட்டு, மற்ற எழுத்துகளுக்கு என்ன விதியோ அதே விதி இவற்றுக்கும் என்றார்கள். பெரியார் இந்த வடிவங்களைக் குடிஅரசு இதழில் 1935இலேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அதாவது நாற்பத்து மூன்று வருடம் ஒரு கூட்டம் புதிய பதிப்பை ஓட்டிப் பார்த்திருக்கிறது. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்றே எழுதலாம் என்ற அவருடைய இன்னொரு யோசனையை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் விரும்புகிறவர்கள் எழுதுகிறார்கள், மற்றவர்கள் எழுதுவதில்லை.

நிரல்காரன் கண்ணால் பார்த்தால் இது ரொம்பச் சுத்தமான மாற்றம். பழைய எழுத்து படித்த ஒருவர் புதிய ‘லை’யை யாரும் சொல்லித் தராமலே படித்துவிடுவார், ஏனென்றால் ‘கை’யும் ‘மை’யும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஒரே நாளில் முட்டாளாக்கப்பட்டவர் யாரும் இல்லை. புதிய எழுத்து மட்டும் படித்தவருக்குப் பழைய புத்தகத்தில் கொஞ்சம் தடுக்கும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். என் தாத்தா சாகும்வரை தும்பிக்கை லைதான் எழுதினார். மளிகைச் சீட்டில் ‘மல்லித்தழை’யில் ழை புதுசு மாதிரி இருக்கும், ‘வெற்றிலை’யில் லை பழசாக இருக்கும். கடைக்காரர் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. எழுதுவதற்குத்தான் ஆணை, எழுதியதை ஏற்பதற்கு இல்லை. இணையத்தின் அடித்தளத்தை அமைத்தவர்கள் இதையே ஒரு கொள்கையாக வைத்திருந்தார்கள்: அனுப்பும்போது கறாராக இரு, பெற்றுக்கொள்ளும்போது தாராளமாக இரு.

அதற்குப் பிறகு உகர, ஊகார வரிசைக்கும் ஒரே சீரான குறி போடலாம் என்று வா.செ. குழந்தைசாமி வெகுகாலம் வாதாடினார். கு, சு, டு, து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம் இருப்பது குழந்தைகளுக்குப் பாரம் என்பது உண்மைதான். ஆனால் அது நடக்கவில்லை. நடந்திருந்தால் பழையவர் புதியதைப் பார்த்ததும் படிக்கும் அந்தச் சலுகை போயிருக்கும், ஒவ்வொரு வரியிலும் தடுக்கியிருப்பார். 1978க்கு நான் தரும் மதிப்பெண்ணை இதற்குத் தர மாட்டேன்.

இப்படி ஒரு நல்ல உதாரணத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அதே எம்.ஜி.ஆர். காலத்தில், எழுத்து மாறிய மறுவருடமே இன்னொன்றும் மாறத் தொடங்கியது. அதைப் பற்றித் தமிழ் இலக்கியத்தில் யாரும் பேசுவதில்லை. தாலுகா அலுவலக வாசலில் பேசுவார்கள். யூடிஆர் என்பார்கள்.

நிலப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் அது. 1979இல் தொடங்கி எட்டு வருடம்போல் நடந்தது. அதன் தேவையை மறுக்க முடியாது. பட்டாக்கள் செத்துப்போனவர்கள் பெயரில் இருந்தன. பாகம் பிரித்துப் பிரித்து, கையில் இருக்கும் நிலத்துக்கும் கணக்கில் இருக்கும் நிலத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போயிருந்தது. ஊர் ஊராகப் போய் யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து, உட்பிரிவு செய்து, புதிய பட்டா எழுதினார்கள். ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், தமிழ்நாடு முழுக்க, கையால் செய்த வேலை. அளவை நினைத்தால் எனக்குப் பிரமிப்புதான். நாங்கள் இருபது பேர் இரண்டு வருடம் செய்த மாற்றம் அதற்குக் கால்தூசி.

ஆனால் பிழைகள் விழுந்தன. அண்ணன் பெயர் ஏறி தம்பி பெயர் விட்டுப்போனது. வாங்கியவர் பெயருக்குப் பதில் விற்றவர் பெயரே நின்றது. பட்டா நிலம் புறம்போக்கானது. யூடிஆர் பிழை திருத்தம் என்று மனுவில் இன்றும் ஒரு தனி வகையே உண்டு. தொடங்கி நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

அப்பாவிடம் சில வருடம் முன்பு ஒரு பெரியவர் வந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பிளாஸ்டிக் பையில் 1960களில் பதிவான ஒரு கிரயப் பத்திரம் வைத்திருந்தார். நான் லீவில் ஊரில் இருந்தேன். தென்னாற்காடு ஜில்லா செஞ்சி தாலுகா என்று தொடங்கும் பத்திரம். இன்று அந்த ஜில்லாவும் இல்லை, 1993இல் விழுப்புரம் பிரிந்துவிட்டது. அறுபது சென்ட் புன்செய். பழைய சர்வே நம்பர், நான்கு பக்கத்துக்கும் செக்குபந்தி. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று பழைய குறிகள். தும்பிக்கை லைகளும் சுருண்ட னாக்களும் நிறைய. எழுத்து எனக்கே படிக்க வந்தது. பிரச்சினை எழுத்தில் இல்லை. மகள்வழிப் பேரனுக்கு எழுதிவைக்கலாம் என்று பட்டாவை எடுத்துப் பார்த்தால், அந்த நிலம் 0.24.50 ஹெக்டேர் என்று சரியாகத்தான் இருக்கிறது, பெயர் மட்டும் பங்காளி வீட்டுக்காரருடையது.

“நான்தானே ஓட்றேன், நான்தானே கிஸ்தி கட்றேன்?” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

“கிஸ்தி ரசீதுல யாரு பேரு இருக்குன்னு பாத்தீங்களா பெரியவரே?” என்றார் அப்பா.

“எனக்கு எங்கய்யா படிக்கத் தெரியும்.”

பைத்தானில் இரண்டு வகை உடைப்பு உண்டு. பைத்தான் 2இல் பிரின்ட் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு அச்சிட வேண்டியதை எழுதினால் போதும். 3இல் அடைப்புக்குறி கட்டாயம். பழைய நிரலைப் புதியதில் ஓட்டினால் முதல் வரியிலேயே கத்திவிட்டு நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆபத்தில்லை. இன்னொன்று வகுத்தல். பைத்தான் 2இல் 1ஐ 2ஆல் வகுத்தால் 0 வரும். 3இல் 0.5 வரும். எழுத்து அதேதான், குறி அதேதான், எங்கேயும் கத்தல் இல்லை. நிரல் பாட்டுக்கு ஓடும், விடை மட்டும் வேறாக இருக்கும். இதைத் தெரிந்துதான் 2001இலேயே முழு எண் வகுத்தலுக்குத் தனிக் குறியைக் கொண்டுவந்து, ஏழு வருடம் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு வருட வேலையில் பிரின்ட் திருத்த ஒரு மதியம் போனது. வகுத்தலைத் தேட எட்டு மாதம் போனது.

பெரியவருக்கு நடந்தது இரண்டாவது வகை. எதுவும் நிற்கவில்லை. ஏர் ஓடியது, மணிலா விளைந்தது, கிஸ்தி வாங்கிக்கொண்டார்கள். பழைய வாழ்க்கை புதிய கணக்கில் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. நிலத்தை விற்கவோ எழுதிவைக்கவோ அடமானம் வைக்கவோ போகும் அன்றைக்குத்தான் விடை வேறு என்று தெரிகிறது. அதற்குள் அளந்தவர் ஓய்வுபெற்று, எழுதியவர் செத்து, சாட்சி சொல்லக்கூடிய பக்கத்து நிலத்துக்காரரும் போய்விட்டார். அறிவிப்பு கொடுத்தோமே, ஆட்சேபணை சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு ஒட்டிய அறிவிப்பும், டீ குடிக்கப் போனவர்கள் திரையில் ஓடும் மஞ்சள் எழுத்தும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம், டீ குடிக்கப் போனவர் படிக்கத் தெரிந்தவர்.

இங்கேதான் என் கேள்விக்கு ஒரு பதில் தட்டுப்பட்டது. எங்கள் மென்பொருளை மாற்றும்போது மூன்று மாதம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். ராத்திரி இரண்டின் விடைகளையும் ஒப்பிடுவோம். எங்கேயாவது வேறுபாடு வந்தால் விதி இது: புதியதன் மேல்தான் சந்தேகம். பழைய விடை தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு புதியதைக் கொண்டுவந்த எங்களுடையது. பழையதிலேயே பிழை இருந்து, புதியது சரியாக இருந்த இடங்களும் வந்தன. அங்கேயும் நிரூபித்தவர்கள் நாங்கள். வாடிக்கையாளரிடம் போய், உன் பழைய விடைதான் சரி என்று நீ நிரூபி என்று சொல்ல எங்களுக்கு வாய் வந்திருக்காது.

யூடிஆரில் அது தலைகீழாக இருக்கிறது. புதிய பதிவே உண்மை என்று முன்முடிவு. மறுக்கிறவர் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் காட்டும் பதிவேட்டின் நகல் எல்லாம் தேடிக் கொண்டுவந்து, மாவட்ட வருவாய் அலுவலர் வரை போய் நிரூபிக்க வேண்டும். மாற்றம் செய்ததும் பதிவேடுகளை வைத்திருப்பதும் ஒரு தரப்பு, தேடிக் கொடுக்க வேண்டியது மறு தரப்பு. அறுபது சென்ட் வைத்திருப்பவர் விழுப்புரத்துக்கு எத்தனை முறை பஸ் ஏறுவார்? ஒன்றைக் கழிப்பதில் அநியாயம் வருகிற இடம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். எதைக் கழித்தார்கள் என்பதைவிட, தகராறு வந்தால் யார் நிரூபிக்க வேண்டும் என்று வைத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

உடனே, பழையதன் பக்கமே எப்போதும் நிற்க வேண்டும் என்று இதை நீட்டிவிட முடியாது. லினக்ஸ் உலகில் லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதமாகக் காக்கும் ஒரு விதி உண்டு, மேலே ஓடும் நிரல் எதையும் கீழே இருக்கும் கருவகம் உடைக்கக் கூடாது என்று. நிரலுக்கு அது நல்ல விதி. ஊருக்கு அப்படியே கொண்டுவந்தால் கர்ணம் இன்னும் இருந்திருப்பார். பரம்பரையாக ஊர்க் கணக்கு எழுதும் உத்தியோகம், அப்பனுக்குப் பிறகு பிள்ளை. யாருக்கு எந்த நிலம் என்பது அவர் வீட்டுக் கட்டுக்குள் இருந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்காரும் உரிமை எல்லாச் சாதிக்கும் இருந்ததில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. கர்ணங்கள் வழக்குப் போட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் ஒழித்தது செல்லும் என்றது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள், தேர்வு எழுதி.

கர்ணமும் தன்னைப் பழையதை நம்பி இருந்தவர் என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கும் குடும்பம் இருந்தது, அவருக்கும் வயிறு இருந்தது. ஆனாலும் அந்தக் கழித்தலை நான் முழு மனதோடு சரி என்பேன். பெரியவர் நம்பியிருந்தது தன் நிலத்தை. கர்ணம் நம்பியிருந்தது அடுத்தவர் நிலத்தின் மேல் தன் பிடியை. பழையதை எடுக்காதே என்று கூப்பிடும் குரல்களெல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். எந்தக் குரல் எதைக் காப்பாற்றச் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு சூத்திரம் இல்லாதது எனக்குத் தொழில்முறையில் சங்கடமாக இருக்கிறது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. யூடிஆர் வேலை நடந்துகொண்டிருந்த நடுவிலேதான் கர்ணமும் போனார். எந்த வயல் யாருடையது என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் கோபத்தோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட சமயத்தில் ஊரை அளந்தார்கள். பதவியை ஒழித்தது சரி. அதில் இருந்தவருக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதி வாங்கிக்கொண்டார்களா என்பது வேறு கேள்வி. பைத்தானில்கூட, மொழியை விட்டுப் போன வசதிக்குப் பதில் எதை எழுதுவது என்று மாற்றித் தரும் ஒரு கருவியைக் கூடவே கொடுத்தார்கள்.

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்துக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே போவதில்லை. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் மராத்தியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்த பிறகு ராஜகிரியில் செல்ஃபி கூட்டம் இன்னும் பெருகிவிட்டது, குன்று அப்படியேதான் இருக்கிறது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையாக. பக்கத்தில் ஒரு சிறிய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்கிறது. பிராமி மெல்ல வளைந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த கட்டத்தின் எழுத்து என்பார்கள். அதில் இருப்பது தமிழ்தான். ஆனால் எழுத்தாக எனக்கு ஒன்றுகூடத் தெரியாது.

வட்டெழுத்தை யாரும் ஒழிக்கவில்லை. ஆணை இல்லை, தேதி இல்லை. சோழர் காலத்தில் தமிழகத்தில் மெல்ல மெல்லப் பின்வாங்கியது, மலையாளக் கரையில் இன்னும் சில நூற்றாண்டு பிழைத்துக் கிடந்தது. பவணந்தி சொன்ன கழிதல் என்றால் இதுதான். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நான் முன்பு அதை ஒரு பெருமை மாதிரி நினைத்தேன், இயற்கையாகப் போனது நல்ல சாவு என்று. திருநாதர்குன்றில் நின்றால் அப்படித் தோன்றுவதில்லை. இயற்கையாகக் கழிந்ததற்கு ஒப்பீட்டுப் பட்டியல் இல்லை. பழைய எழுத்துக்கு நேரான புதிய எழுத்து இது என்று யாரும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. ஆயிரம் வருடம் கழித்து அறிஞர்கள் ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1978 ஆணைக்குப் பட்டியல் இருக்கிறது. யூடிஆருக்கு, பிழையோடு என்றாலும், பதிவேடு இருக்கிறது. முக்கியமாக, கழித்தவர் ஒருவர் இருப்பதால் மனு கொடுக்க ஒரு வாசல் இருக்கிறது. காலம் கழித்ததற்கு எந்த வாசலில் போய் நிற்பது? பவணந்தியின் தன்வினையைவிட ஆளுள்ள பிறவினை மேல் என்று இப்போது சாய்கிறேன். பொறுப்பேற்க ஆள் இருந்தால், வேண்டியபோது திட்டவும் முடியும்.

கழிப்பதே இல்லை என்று சபதம் எடுத்த ஓர் இடமும் உண்டு. யூனிகோடு. ஒரு குறியை ஒருமுறை சேர்த்துவிட்டால் எக்காலத்திலும் நீக்குவதில்லை என்பது அவர்களுடைய நிலைத்தன்மைக் கொள்கை. பெயரில் எழுத்துப்பிழை இருந்தால்கூடப் பெயரை மாற்ற மாட்டார்கள். 2019இல் தமிழின் பழைய பின்னக் குறிகளையும் அளவைக் குறிகளையும் சேர்த்து 51 எழுத்துருக்களை ஏற்றினார்கள். 320இல் ஒரு பங்கான முந்திரிகூட அதில் இருக்கிறது. யாரும் அதில் இன்று கணக்குப் போடப் போவதில்லை. வீண் சுமை என்று நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். தும்பிக்கை லைக்கோ தனிக் குறியீடே தேவைப்படவில்லை. லகரமும் ஐகாரமும் சேர்ந்தால் எந்த வடிவத்தில் காட்டுவது என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். ஒரே கோப்பைத் தாத்தாவுக்குப் பழைய வடிவத்திலும் எனக்குப் புதிய வடிவத்திலும் காட்டலாம். 1978இல் இந்த வசதி இருந்திருந்தால் ஆணையே வேண்டியிருந்திருக்காது.

பெரியவரின் மனுவை நான்தான் டைப் செய்தேன். அப்பா சொல்லச் சொல்ல அடித்தேன். பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்று ௸ போடச் சொன்னார். என் போனில் அது வந்தது, அலுவலகக் கம்ப்யூட்டரில் கட்டமாக வருமோ என்று அவருக்குச் சந்தேகம், அதனால் பக்கத்திலேயே ‘மேற்படி’ என்றும் எழுதச் சொன்னார். ஹெக்டேருக்கு எதிரே சென்ட்டும், புது நம்பருக்கு எதிரே பழைய நம்பரும். “ரெண்டும் இருக்கட்டும்டா, பாக்கறவனுக்கு எது தெரியுமோ அதப் பாத்துக்குவான்” என்றார். பங்காளி வீட்டில் மூத்தவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் பட்டாவில் எங்கள் அப்பா பெயர்தானே இருக்கிறது என்கிறார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்த பதிவு அது ஒன்றுதான். இரண்டு விசாரணை முடிந்திருக்கிறது. மூன்றாவதற்கு நகல் போதாது, அசல் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மடித்த இடமெல்லாம் இற்றுக் கிடந்த அந்தத் தாளுக்குப் பின்பக்கம் மெல்லிய காகிதம் ஒட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார் அப்பா.